பீலிக்கரைக் குரல்

“நாளைக்கு வர்ற றுக்கையா டீச்சர் முன்னால அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு நோர்வூட்டுக்கே திரும்பிப் போயிடுவேன். சொல்லிட்டேன்!”

விமலா சொன்னால் சொன்னதுதான். ‘விமலா’ என்பதே அவளாகச் சொல்லிக்கொண்டதுதான். டீச்சராகி நோர்வூட்டுக்குப் போன இடத்தில் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பேர். பெற்றவர்கள் வைத்தது வேலாயி.

அப்பா பழனியாண்டி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினார்.

“ஏம்மா, அந்தப் பேருக்கு என்னா கொறச்சல்?”

“என்னா கொறச்சலா? வேலாயி, காளியாயி, கருப்பாயி! விடியக்காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல கங்காணி கூப்புடுற பேரு. கொழுந்து பறிக்கவே பொறந்தவன்னு நெத்தியில எழுதி ஒட்டுன மாதிரி இருக்கு. படிச்சு வெளிய வந்த பெறகும் அதை ஏன் நான் சுமக்கணும்? ஒரு நியாயம் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.”

பழனியாண்டி மறுபடியும் கத்தியைத் தீட்டத் தொடங்கினார்.

“இன்னொண்ணு. சாயந்தரமானா பீலிக்கரையில நின்னு ‘வேலாயீ, வேலாயீ’ன்னு கத்துறீங்களே, அது வேணவே வேணாம். நான் இங்க இல்லாத நாள்லயும் கத்துறீங்களாமே? ‘மக நெனப்புல கத்துறான்’னு அழகுமுத்து சித்தப்பா சொல்றாரு. எனக்கில்ல மானம் போகுது!”

அவள் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்தே நடப்பதுதான். மலையிலிருந்து பனி இறங்கும் நேரம், வரிசை வீடுகளான லயத்துக் கோடியில் தண்ணீர் விழும் பீலியோரம் பாறை மேல் ஏறி நின்று, கையைக் குவித்து ஒரு கூப்பாடு. “பழனியாண்டி கூப்புட்டாச்சு, வெளக்கேத்துங்கடி” என்று லயமே சொல்லும். விளையாட்டைப் போட்டுவிட்டு அவள் மூச்சிரைக்க ஓடி வந்து நிற்பாள். வந்து நின்ற பிறகும் அப்பா அவளைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவளுக்கு, அது ஏன் என்று மட்டும் கேட்கத் தோன்றியதே இல்லை.

“சரி பாப்பா. கூப்புடல” என்றார் பழனியாண்டி.

மறுநாள் றுக்கையா வந்தாள். ஹட்டனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜமால்தீனின் மகள். விமலாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை.

லயத்தில் ஒருவர் வாயிலும் வேலாயி வரவில்லை.

“என்னா விமலா டீச்சர், சொகமா?” என்று அழகுமுத்து கண்ணைச் சிமிட்டினார்.

முதல் நாளே அப்பா ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிச் சொல்லி வைத்திருக்கிறார்.

றுக்கையா ரொட்டியைப் பிய்த்துத் தேங்காய்ச் சம்பலில் தோய்த்தாள். “ஒனக்கு நல்ல புதுப் பேரு. எனக்கு வாச்சது வாப்பாவைப் பெத்த உம்மாட பேரு. எங்க குடும்பத்துல நாலு றுக்கையா! பெருநாளைக்கு ஒருத்தியக் கூப்பிட்டா நாலு பேரும் ஓடி வருவோம். சோத்துச் சட்டி தாங்காது.”

“மாத்திக்க வேண்டியதுதானே?”

“கூப்பிட ஆள் இருக்கிற பேரை யாராச்சும் மாத்துவாங்களா, போடி!”

சாயந்தரமானது. பனி இறங்கியது.

பழனியாண்டி பீலிக்கரைக்குப் போனார். பாறையில் ஏறினார். கை குவிந்தது. பிறகு அந்தக் கையாலேயே தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வாசலில் உட்கார்ந்தார். உட்கார முடியாமல் மறுபடியும் எழுந்து போனார்.

“ஒங்க வாப்பா எதையாச்சும் தொலைச்சிட்டாரா?” என்றாள் வாசலில் இருந்த றுக்கையா.

விமலா அடுப்படிக்குப் போனாள்.

“அம்மா, அப்பா எதைத் தேடுறாரு?”

“அவரு அக்காளைத்தான்” என்றாள் மீனம்மா.

“அப்பாவுக்கு ஏது அக்கா?”

“இருந்தாக. குடும்பத்தோட இந்தியாவுல இருந்து வர்றப்ப, கப்பல் ஏறுறதுக்கு முந்தி ஆளுகளைச் சோதிக்கிற காம்புல அவுகளுக்குக் காய்ச்சல் கண்டுருச்சு. நிறுத்தி வச்சுட்டாங்க. உங்கப்பா அப்ப சின்னப் பய. அக்கா சீலையைப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேன்னு அழுதிருக்காரு. ‘நீ முந்திப் போடா. அங்க மலையில நின்னு சாயந்தரத்துக்கு சாயந்தரம் வேலாயீன்னு என்னையக் கூப்புடு. சத்தம் வர்ற வழியைப் புடிச்சு வந்துர்றேன்’னு சொல்லித்தான் ஏத்தி விட்டாகளாம்.”

“வந்தாங்களா?”

மீனம்மா கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

“கல்யாணம் கட்டுன பெறகும் இப்படிக் கத்துறாரேன்னு லயமே கிறுக்கன்னு சிரிச்சுச்சு. நிறுத்திப் பார்த்தாரு. சோறு எறங்கல. அப்பத்தான் நீ பொறந்த. அந்தப் பேரை உனக்கு வச்சாரு. அதுக்கப்பறம் ஒருத்தரும் சிரிக்கல. மகளைத்தானே கூப்புடுறாருன்னு விட்டுட்டாங்க.”

விமலா அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். விறுவிறுவென்று பீலிக்கரைக்கு நடந்தாள்.

“அப்பா, கூப்புடுங்க.”

“வேணாம் பாப்பா. வெளி மனுசங்க இருக்காங்க.”

அவள் பாறை மேல் ஏறினாள். ரோட்டுப் பக்கம் திரும்பிக் கையைக் குவித்தாள்.

“வேலாயீ...! ஏ வேலாயீ...!”

லயம் முழுக்க எட்டிப் பார்த்தது. றுக்கையா வாசலில் இருந்து ஓடி வந்தாள்.

“யாருடி அது வேலாயி?”

“நான்தான்” என்றாள் அவள்.

சொன்னவள் தோழியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவோடு சேர்ந்து, பனி மூடிய ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.