வெள்ளை வேட்டிக்குப் பின்னால்

பிள்ளையார்பாளையம் உண்டான நாளிலிருந்து, கௌரவமான குடும்பத்துப் பெண் எவளும் காரணமில்லாமல் தெருவில் வேகமாக நடந்தது கிடையாது. இந்தச் சரித்திர உண்மையைத் தையல்நாயகி மதராஸ் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடமே, கட்டிலில் உட்கார்ந்தபடி, அறிவித்துவிட்டு வந்திருந்தாள்.

காய்ச்சலில் தொடங்கி, நரம்பு கெட்டு, இரண்டு காலும் விளங்காமல் நாலு மாதம் கிடந்து எழுந்தவள் அவள். "மருந்து வேலை முடிஞ்சுதும்மா. இனிமே மூச்சு வாங்கறாப்பல தினம் நடக்கணும். கொஞ்சம் கொஞ்சமா தூரத்தைக் கூட்டணும். இல்லேன்னா இருக்கிற தெம்பும் போயிடும்" என்றார் டாக்டர்.

"வேலவெட்டி இல்லாம சுத்திக்கினு வர்றதுக்கு நான் இன்னா கோயில் மாடா?" என்றாள் தையல்நாயகி. வீட்டுக்கு வந்தவள் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தது சாய்ந்ததுதான்.

அப்படிப்பட்டவள், ஒரு மாதமாக, விடிந்தும் விடியாத வேளையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு வெள்ளை வேட்டியின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

வேட்டி அவள் கணவன் நமச்சிவாயத்தினுடையது. தறிக்குழியில் இறங்கி நெய்ய வேண்டிய நேரத்தில் அவன் சலவை வேட்டி கட்டினான். காதோரம் ஜவ்வாது தடவினான். முனிசிபாலிட்டிச் சங்கு ஊதுவதைத் தவிர வேறு மணி அறியாத மனிதன், யாரிடமோ இரவல் வாங்கிய கைக்கடிகாரத்தை நிமிடத்துக்கொரு தரம் பார்த்தான்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"சும்மாதான்."

பக்கத்து வீட்டு அன்னம்மாள்தான் விஷயத்தை உடைத்தாள். "செவிலிமேட்டாண்ட புது வீடுங்க வருதில்ல? அங்க ஒரு பொம்பள தனியா குடி வந்துருக்குதாம். உங்க வீட்டுக்காரரு அங்கதான் போறாருன்னு பேசிக்கிறாங்க. நான் சொன்னேன்னு சொல்லாத."

தையல்நாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கால் விழுந்த பெண்டாட்டியை ஒருவன் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பான்? பிள்ளை இல்லை. பிறந்த வீடும் இல்லை. இவனும் போய்விட்டால்?

முதல் நாள் தெருமுனை வரைதான் முடிந்தது. கண் இருட்டிக்கொண்டு வர, தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டியிருந்த பாவு நூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கஞ்சி இன்னும் காயலம்மா, கையை எடு!" என்று பாவுக்காரர் துரைக்கண்ணு அலறினார். வேட்டி மறைந்துவிட்டது.

மறுநாள் அன்னம்மாள் வழிமறித்தாள். "இன்னா தையலு, டாக்டர் சொன்ன வாக்கிங்கா?"

"சீச்சீ! பால் வாங்கப் போறேன்."

"சொம்பு எங்க?"

அன்றிலிருந்து சொம்பும் கூட வந்தது. காலிச் சொம்போடு அவள் குளத்தங்கரையைத் தாண்டினாள். அடுத்த வாரம் கடைத்தெருவைத் தாண்டினாள். அவளுக்கு மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் நமச்சிவாயத்தின் செருப்பு வார் கழன்றது. அவன் குனிந்து நிதானமாக மாட்டிக்கொண்டான். தப்புக் காரியத்துக்குப் போகிறவனுக்குச் செருப்புகூட ஒத்துழைக்காது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒருநாள் ஊர் எல்லை மதகு வரைக்கும் போய், அதற்குமேல் முடியாமல் உட்கார்ந்து அழுதாள். தூரத்தில் வேட்டி ஒரு நிமிஷம் நின்றது போலிருந்தது. பிறகு போய்விட்டது.

இன்று அவள் மதகில் உட்காரவில்லை. நெஞ்சு தறிக்கட்டை மாதிரி அடித்துக்கொண்டது, முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டது, ஆனாலும் கால்கள் போய்க்கொண்டே இருந்தன. முதல் டவுன் பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு கடந்தது. அது அடங்கியபோது நமச்சிவாயம் ஒரு நீலச் சுண்ணாம்பு அடித்த வீட்டின் கேட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

கதவைத் தட்டினான். திறந்தது. ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், ஈரத்தலையை முடிந்தபடி, "வாங்க, வாங்க" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான்.

ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் தையல்நாயகியின் தொண்டைக்கு வந்தன. கேட்டை ஒரே தள்ளாகத் தள்ளினாள். "யோவ்!"

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. சொம்பு படியில் உருண்டு ஓடியது.

"இதுக்குத்தானாய்யா சலவை வேட்டி? நான் இன்னும் சாவலய்யா! எவ இவ?"

அந்தப் பெண் பயப்படவில்லை. நாலு படியிறங்கி வந்து, அடிப்பதற்கு ஓங்கிய தையல்நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டு, நமச்சிவாயத்தின் கையிலிருந்த கடிகாரத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு திருப்தியாகத் தலையசைத்தாள்.

நமச்சிவாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முகத்தில் புதுக் கவலை வந்திருந்தது.

"இன்னும் தூரமா வேற வீடு பார்க்கணும் டாக்டரம்மா, இவதான் இங்க வரைக்கும் நடந்து வந்துட்டாளே."