கோட்டைக் கதவைத் திறந்தவன்

வரிசையில் கடைசியாக நின்றவனின் இடுப்பில் நீண்ட வெட்டுக்கத்தி தொங்கியது. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த எழுத்தாளர் எவரிஸ்தோவின் பேனா நின்றுவிட்டது.

குழந்தைகளுக்கு வீரர்களின் வரலாறு எழுதியே பேர் வாங்கியவர் அவர். ஸ்பெயின் படையிடம் சிக்கி உயிர்விட்ட தளபதி நிக்கானோரைப் பற்றிய இந்தப் புத்தகம், அடுத்த ஆண்டு கொலம்பியா முழுக்கப் பள்ளிகளில் பாடமாகப் போகிறது.

“அந்த மலையூருக்கு மட்டும் போகாதீங்க” என்று பதிப்பாளர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கோட்டைக் கதவைத் திறந்து தளபதியைக் காட்டிக்கொடுத்தவனின் வாரிசுகள், இத்துரால்தே பண்ணைக்காரர்கள், ஊரையே கையில் வைத்திருந்தார்கள்.

அதையும் மீறி அவர் வந்திருந்த அந்த ஊர்ப் பள்ளியின் நூலகம் இப்போது காலியாகிவிட்டது. பிய்ந்த செருப்பில் பெருவிரல் எட்டிப்பார்க்க, கத்திக்காரன் மேசையருகே வந்தான்.

“இதை எழுதினது நீங்கதானே?”

“ஆமா... உட்காருங்க.”

“உட்கார வரல. என் மக பள்ளிக்கூடம் பக்கமே வர மாட்டேங்கறா. அவளைக் கண்டாலே பசங்க ‘கதவைத் திற, கதவைத் திற’ன்னு கூவுறாங்க. கோயில்ல என் பக்கத்துல ஒருத்தனும் உட்காரல. எங்க வம்சத்தையே நாறடிச்சிட்டீங்களே!”

எவரிஸ்தோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “அவங்களுக்கு யார் சொன்னது?”

“உங்க புத்தகம்தான்!” கத்தியின் பிடியில் அவன் கை இறுகியது.

“இருக்கவே முடியாது!” எவரிஸ்தோ பதறிப்போய்ப் பக்கங்களைப் புரட்டினார். “உங்க குடும்பத்துக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னுதானே நிஜப் பேரையே போடல? இத்துரால்தேன்னு ஒரு இடத்துலயாவது இருக்கா, காட்டுங்க பார்ப்போம்!”

கத்தியிலிருந்து அவன் கை நழுவியது.

“அப்ப... கதவைத் திறந்தவனுக்கு அந்தப் பேரை ஏன் வச்சீங்க?”

பிழைத்தோம் என்று மூச்சுவிட்டார் எவரிஸ்தோ. “கினயாஸா? அது ஏதோ பழைய கல்லறையில பார்த்த பேருங்க. நான் எப்பவும் அப்படித்தான் பேரு எடுப்பேன். ஏழை ஜனம், வம்சமே அத்துப்போச்சாம். கேட்க நாதியில்லாத பேரு, யாருக்கு வலிக்கப் போகுது?”

அவன் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான்.

“நான் ஹெலியோதோரோ கினயாஸ், ஐயா.”