கொஞ்சம் கரகரப்பு

"இதுவும் வேண்டாம் அண்ணாச்சி."

அஜீஷ் குனிந்து பெடலின் ஒயரைப் பிடுங்கினான். வேண்டாமென்று அவன் ஒதுக்கிய பெடல்கள் கவுண்டரில் வரிசை கட்டியிருந்தன.

பழவங்காடியில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் அழகியநம்பிக்குப் பசி நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

"காலால மிதிச்சா கிட்டார் உறுமணும். அதுக்குத்தான ஓவர்டிரைவ் பெடல்? எல்லாம் நல்லாத்தான உறுமுது?"

"இது சாதா கிட்டாருக்குச் செஞ்சது அண்ணாச்சி. பேஸ் கிட்டார்ல மாட்டினா அடிச்சத்தம் காணாமப் போகுது. மேல ரீங்காரம் மட்டும் நிக்குது."

"அதுக்கு முன்னாடி குடுத்தது?"

"அது மரம் அறுக்குது."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஹரிகுமாருக்குப் பொறுமை போய்விட்டது. கோயில் உற்சவங்களில் சினிமாப் பாட்டுக் கானமேளா நடத்துகிறவர் அவர். அவர் குழுவில்தான் அஜீஷ் பேஸ் வாசிக்கிறான். மைக் ஒயர் வாங்க வந்தவரை இப்படி உட்கார வைத்துவிட்டான்.

"எதுக்குடே இந்த வேண்டாத வேலை? பேஸ் கீழ கிடந்து டும் டும்னு போனா மதி, அதுவே போதும். இங்கிலீஷ் பேண்டுல சேரணும்னு ஆசையிருந்தா நேரா சொல்லு."

"அதெல்லாம் இல்லண்ணே."

"பின்னே? சனிக்கிழமை யாரு பாடுறா, தெரியும்லா? ஸ்ரீலட்சுமி. தொண்டை ஆபரேஷன் கழிஞ்சு முதல் மேடை. தொண்டைக்கு ஓய்வு வேணும்னு ரிகர்சலுக்குக்கூட வரல. நேரா வந்து பாடப் போறா. அவ பாடும்போது நீ கீழ நின்னு கரகரன்னு இழுத்தா ஜனம் அவளைக் கேக்குமா, உன்னைக் கேக்குமா? கூட வாசிக்கிறவங்க மேல கொஞ்சம் இரக்கம் வேணும், கேட்டியா?"

"நியாயம்தான மோனே," என்றார் அழகியநம்பி.

அஜீஷ் கழற்றிய பெடலையும் வரிசையில் தள்ளினான். அண்ணாந்து பார்த்தான்.

"மேல் தட்டுல அந்தப் பச்சைப் பெட்டி?"

"அது யாரோ குடுத்துட்டுப் போன பழசு. பெயின்ட்கூட உரிஞ்சு போச்சு."

"எடுங்க, பாப்போம்."

தூசியை ஊதிவிட்டு மாட்டினான். குமிழை லேசாகத் திருகினான். ஒரே ஒரு சுரம் வாசித்தான். இன்னும் கொஞ்சம் திருகினான். அதே சுரம். தரையில் மண்டியிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"கூடிப்போச்சு," என்று தனக்குத்தானே சொல்லி, குமிழைப் பின்னால் தள்ளினான்.

மறுபடியும் வாசித்தான். அடிச்சத்தம் குறையாமல் வந்தது. அதன் ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன உரசல்.

"உடையாம உரசுது. இதுதான்."

"அப்ப நான் சொன்னா நீ கேக்க மாட்ட?"

"இதுல மட்டும் கேக்க மாட்டேண்ணே. வேணும்னா சனிக்கிழமையோட என்னை நிறுத்திருங்க."

"நிறுத்தத்தான் போறேன், பாத்துக்கோ!"

சனிக்கிழமை கோயில் மைதானம் நிறைந்திருந்தது. ஸ்ரீலட்சுமியின் பெயரைச் சொன்னதுமே கைதட்டல். ஹரிகுமார் கீபோர்டில் தொடங்கிக் கொடுத்தார்.

பல்லவியின் முதல் வரி ஒருவழியாகக் கடந்தது. இரண்டாவது வரி மேலே ஏறும் இடத்தில் அவள் குரல் கரகரவென்று பிசிறியது.

ஹரிகுமாரின் விரல் தடுமாறியது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ரீலட்சுமி மைக்கிலிருந்து ஓரடி பின்வாங்கினாள்.

அஜீஷ் பெடலை மிதித்தான்.

அவள் குரலில் இருந்த அதே கரகரப்போடு பேஸ் எழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையை மட்டும் அசைத்தான்.

மறுபடி மைக்கிடம் வந்தாள். குரல் மறுபடி பிசிறியது. பேஸும் கூடவே உரசியது. இப்போது அது பிசிறாகத் தெரியவில்லை. பாட்டே இப்படித்தான் என்று தோன்றியது. சரணத்தில் அவள் எதையும் மறைக்காமல் தொண்டையைத் திறந்து பாடினாள். பின்னாலிருந்து விசில் பறந்தது.

"ஒன்ஸ் மோர்!"

பாட்டு முடிந்து மிமிக்ரிக்காரர் மேடையேறியதும், ஹரிகுமார் அஜீஷின் தோளைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடே?"

"ஸ்ரீவராகத்துல ஸ்ரீலட்சுமி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேண்ணே. பாடிக் காட்டினாங்க. இனிமே குரல் இப்படித்தான்னு டாக்டர் சொல்லியாச்சாம். 'நேக்கு மேடையே வேண்டாம், ஹரிட்ட சொல்லிடு'ன்னு ஒரே அழுகை. நான்தான், பேஸையும் உங்க குரல் மாதிரியே ஆக்கிக் காட்டுறேன், ஒரு தடவை வாங்கக்கான்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்."

"அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா நீங்க வேற பாட்டுக்காரியைக் கூப்பிட்டிருப்பீங்க அண்ணே."

 ஹரிகுமார் அவன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, இருட்டில் நின்ற வேனை நோக்கி நடந்தார்.

கதவைத் திறந்ததும், பட்டுப்புடவையும் மேக்கப்புமாக உள்ளே உட்கார்ந்திருந்த இளம்பெண் பரபரப்பாக எழுந்தாள்.

"அந்த அக்கா குரல் சொதப்பினா, மிமிக்ரி முடிஞ்சதும் நான் பாடணும்னு சொல்லி வரவழைச்சீங்களே சார்... ஏறட்டுமா?"