கார் வரும் சத்தம்

தபால் பெட்டியடியில் அவள் இல்லை.

அவன் காரை நிறுத்தினான். நிறுத்தினானா என்பதே சந்தேகம். ஓடும்போதும் சத்தமில்லை, நிற்கும்போதும் சத்தமில்லை. பாதி பெற்றோல், பாதி பற்றரி. இதில் தபால் கொண்டு வருவது இன்றுதான் முதல் தடவை.

யப்பானிலிருந்து வந்த பழைய ஹைபிரிட் கார். ஊரில் மாதிரி ஸ்டியரிங் வலப்பக்கம். தெருவோரப் பெட்டிகளுக்குள் கையை நீட்டிக் கடிதம் போட அதுதான் தோது. கனடா நாட்டுப்புறத்தில் தபால்காரன் தன் சொந்தக் காரில்தான் சுற்றி வர வேண்டும்.

பெட்டியைத் திறந்தான். போட்டான். மூடினான்.

நல்ல வேலை. யோசிக்கத் தேவையில்லை.

மகன் ஆரூரன் ஏரியில் மூழ்கிப் போன பிறகு அவன் இப்படித்தான் இருக்கிறான். செத்த வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அவனுக்கு வரவில்லை. வருடம் திரும்பி ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. இன்னும் வரவில்லை.

அவன் மனைவியும் அழவில்லை. வந்த சனத்திடம் சாப்பிட்டீங்களோ, சாப்பிட்டீங்களோ என்று கேட்டுக்கொண்டு திரிந்தாள். கல்லு மனுசி என்று சொந்தக்காரர் குசுகுசுத்தார்கள்.

அவனும் அப்படித்தான் நினைத்தான். தனக்கு வராதது அவனுக்குப் பிழையாகத் தெரியவில்லை. அவளுக்கு வராததுதான் தெரிந்தது. மனிதப் புத்தி வேறென்ன. அந்த நினைப்பை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அது ஒவ்வொரு இரவும் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக் கிடந்தது.

இது அவர்களுடைய வீட்டுப் பெட்டி. அவனுடைய சுற்றில் பாதி வழியில் வரும். ஒவ்வொரு நாளும் அவள் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு இந்த இடத்தில் நிற்பாள். ஒரு நாளும் தவறியதில்லை.

உடம்புக்கு ஏதுமோ.

இறங்கினான். பங்குனி பிறந்தும் பனி விட்டபாடில்லை. காலையில் கொட்டியது ஒழுங்கை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. வீடுவரை நடந்தான்.

குசினி யன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது. மீன் பொரிக்கிற மணம் வெளியே போக அவள் எப்போதும் அப்படித்தான் விடுவாள்.

உள்ளே யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

முதலில் அவனுக்கு அது யாருடைய குரல் என்றே பிடிபடவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. ஊரில் செத்த வீடுகளில் கேட்ட மாதிரி, இழுத்து இழுத்து.

"என்ர குஞ்சு, குளிருதோடா உனக்கு? தண்ணிக்குள்ள குளிருதோடா ராசா?"

அவன் யன்னலுக்குக் கீழே நின்றான்.

இதற்கு முன்பிருந்த காருக்கு சைலன்சர் உக்கி ஓட்டையாகிப் போயிருந்தது. தேவாலய வளைவில் திரும்பும்போதே அதன் சத்தம் இங்கே கேட்கும். திருத்தக் கொண்டு போகிறேன் என்ற போதெல்லாம் அவள்தான் மறித்தாள். அது கத்தினால் கத்தட்டும், உங்களுக்கென்ன என்றாள். இந்தக் காரை வாங்கப் போன அன்றும் முகத்தை நீட்டிக்கொண்டுதான் இருந்தாள். கஞ்சப் பிசினி என்று நினைத்தான்.

அட மடையா.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் கண்ணைத் துடைத்திருக்கிறாள். வளைவிலிருந்து அவன் வந்து சேர்வதற்குள் முகம் கழுவி, தேத்தண்ணி ஊற்றி, பெட்டியடிக்கு வந்து நின்றிருக்கிறாள். ஒவ்வொரு நாளும்.

இன்றைக்குச் சத்தம் வரவில்லை. அதனால் அவள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள்.

கதவு பக்கத்தில்தான். உள்ளே போகலாம். போய் என்ன சொல்வது? ஒரு வருடமாக அவளைக் கல்லென்று நினைத்தவன் எந்த முகத்தோடு போவது?

பயமாக இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. அசைய வேண்டாம் என்று இருந்தது.

வந்த வழியே திரும்பினான். தன் வீட்டிலிருந்தே கள்ளன் மாதிரி.

காருக்குள் ஏறினான். ஹோர்னில் கையை வைத்து அழுத்தினான். எடுக்கவில்லை. எதிர்ப் பண்ணை மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் வந்தாள். கையில் பிளாஸ்க். முகம் கழுவியிருந்தாள். முன்மயிர் ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ, வந்ததே தெரியேல்லை" என்றாள்.

"இனி வளைவிலையே ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வாறன்."

கடிதக் கட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் திரும்பி ஒழுங்கையைப் பார்த்தாள். புதுப் பனியில் அவனுடைய சப்பாத்துத் தடம் தெளிவாகக் கிடந்தது. குசினி யன்னலடிவரை போய்த் திரும்பி வந்திருந்தது. யன்னலடியில் பனி நன்றாக மிதிபட்டிருந்தது.

வெகுநேரம் பார்த்தாள்.

"நாளைக்கு அடியாதையுங்கோ" என்றாள். "சும்மா உள்ளுக்கு வாங்கோ."

பிளாஸ்கை அவனிடம் கொடுக்கவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

பின் சீற்றில் மிச்சச் சுற்றுக் கடிதங்கள் கிடந்தன. கிடக்கட்டும்.

அவள் நாளைக்கென்றுதான் சொன்னாள். அவன் காரை விட்டு இறங்கி, கதவைச் சாத்தி, அவளுக்குப் பின்னால் நடந்தான்.