பதினெட்டு அடி

“இந்த பிளான்ல ஒரு ஓட்டையாவது இல்லாமலா போயிடும்?” என்றபடி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள் பெரியவள்.

சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம் விரிந்து கிடந்தது. கடலோரத்தில் வரப்போகும் ஏழு மாடி ஹோட்டல். அதற்கு அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று பத்தரை மணிக்கு நகராட்சிக் கூட்டம். பெரியவள் கவுன்சிலர்.

பிளானை வரைந்தவள் சின்னவள். பெரியவளின் ஓரகத்தி.

“ஓட்டையைத் தேடுறியா, உன் ஓரகத்தியைத் தேடுறியா?” என்றார் கணவர், சட்டைப் பித்தானைப் போட்டபடி.

“சொந்தக்காரி பிளானாச்சேன்னு கண்ணை மூடிட்டுக் கையைத் தூக்கினா, நாளைக்கு ஊர் என்ன பேசும்?”

“ஊர் கிடக்கட்டும். உன் மனசு என்ன பேசுது?”

அது பேசுவதை வெளியே சொல்ல முடியுமா?

தேர்தலில் ஜெயித்த அன்று மாலையும் கழுத்துமாக வந்து நின்றவளிடம் மாமியார் சொன்னது ஒரே வார்த்தை: “அடுப்புல பால் பொங்குது பாரு.”

அதே மாமியார் இப்போது ஃபோனில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கூப்பிட்டுச் சொல்லியாகிவிட்டது. “எங்க சின்னவ ஏழு மாடி கட்டுறா!” பேப்பரில் வந்த சின்னவளின் படத்தை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் வேறு ஒட்டியிருந்தார். கதவைத் திறக்கும்போதெல்லாம் பெரியவளுக்கு வயிறு எரிந்தது. உள்ளே இருந்த ஐஸ் தண்ணியைக் குடித்தும் அடங்கவில்லை.

“ஆ! மாட்டிக்கிட்டா!”

சிவப்புப் பென்சிலால் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

கட்டடத்துக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவே, ரோட்டிலிருந்து கரை வரைக்கும் பதினெட்டு அடி அகலத்துக்குச் சும்மா விட்டிருந்தது. ‘காலி இடம்’ என்பதைத் தவிர ஒரு விளக்கமும் இல்லை.

“பாவம், வளர்ற பொண்ணு” என்றார் கணவர்.

“வளர்ந்தது போதும்.”

கூட்டத்தில் சின்னவள் நன்றாகத்தான் பேசினாள். நிறுத்தி நிதானமாக, திரையில் ஒவ்வொரு மாடியாகக் காட்டினாள். மற்ற கவுன்சிலர்கள் தலையாட்டத் தலையாட்ட, பெரியவளுக்கு நாற்காலி முள்ளாகக் குத்தியது.

மைக்கை இழுத்துக்கொண்டாள்.

“பதினெட்டு அடியை எதுக்குக் காலியா விட்டிருக்கீங்க? அனுமதி வாங்கின பிறகு சத்தமில்லாம ஏதாவது கட்டிக்கவா?”

சின்னவள் எழுந்தாள். “அக்கா, அது வந்து...”

“இங்க அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. கவுன்சிலர்னு சொல்லுங்க.”

மண்டபத்தில் சிரிப்பு. பெரியவளுக்கு அது தேனாக இனித்தது.

“இல்ல, ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்கு அளக்கத் தெரியலையா? பேப்பர்ல படம் மட்டும் பெருசு பெருசா வருது!”

மறுபடியும் சிரிப்பு. சின்னவளின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் இருந்த ஹோட்டல் முதலாளியைப் பார்த்துவிட்டு அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

“கவுன்சிலர் கேக்குறது நியாயம்தானே? என்ன பதில்?” என்றார் நகராட்சித் தலைவர்.

முதலாளி எழுந்து கும்பிட்டார். “நூத்துக்கு நூறு நியாயம் ஐயா. அந்த இடத்தையும் சேர்த்தே கட்டிடறோம். மதிலோட மதிலா ஒட்டிக்கட்டுற மாதிரி இன்னொரு பிளானும் கைவசம் இருக்கு. இந்தாங்க.”

சின்னவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பெரியவளைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று தலையை அசைத்தாள். கண் கலங்கியிருந்தது.

கெஞ்சுகிறாள். கெஞ்சட்டும்.

தலைவர் ஓட்டுக்கு விட்டதும் முதலில் உயர்ந்தது பெரியவளின் கைதான். புதிய பிளான் நிறைவேறியது.

சின்னவள் தன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

பெரியவள் நிமிர்ந்த நடையோடு வராந்தாவுக்கு வந்தபோது முதலாளி ஓடோடி வந்தார்.

“ரொம்ப நன்றிம்மா! மூணு மாசமா நான் தலைகீழா நின்னும் நடக்காததை மூணே நிமிஷத்துல முடிச்சுக் கொடுத்துட்டீங்க.”

“எதைச் சொல்றீங்க?”

“அந்தப் பதினெட்டு அடியைத்தான். அதையும் வளைச்சுக் கட்டணும்னு முதல் நாளே சொன்னேன். உங்க ஓரகத்தி ஒத்துக்கவே இல்ல. ஜனங்க கடலுக்கு நடந்து போற வழியாம். அதை அடைக்கச் சொன்னா வேலையையே விட்டுடுவேன்னு நின்னுட்டாங்க. ‘பாதை’ன்னு எழுத நான் விடல. சரி, ‘காலி இடம்’னாவது போட்டுக்கறேன்னு விட்டு வெச்சாங்க.”

“அவளுக்கு எதுக்கு இந்த வீம்பு?”

“அதையேதான் நானும் கேட்டேன். ‘கரைக்குப் போற வழியை யாரையும் மூட விடமாட்டேன்னு வீடு வீடாப் போய் வாக்குக் கொடுத்துத்தான் எங்க அக்கா ஜெயிச்சாங்க. என் பிளானால அவங்க பேச்சு பொய்யாகக் கூடாது’ன்னாங்க. நானும் அதை நம்பி மூணு மாசம் பயந்துக்கிட்டிருந்தேன்” என்ற முதலாளி, வாய்விட்டுச் சிரித்தார். “பார்த்தா, நீங்க அப்படி எதுவுமே சொல்லல போலிருக்கே!”