நடுப்பகல் கோளாறு

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. எவனோ வேணும்னே நிறுத்தறான். ஆளைக் கண்டுபிடிச்சுக் கொடு, என்னோட எல்லா மெஷினும் இனி உன் பொறுப்பு."

கான்ட்ராக்டர் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை நாலு விரல் இறக்கிப் பேசினார். உள்ளே ஏசி ஓடியது. எஞ்சின் புகை வேலையாட்கள் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்குக்குக் கசக்குமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

கான்கிரீட் கலக்கும் டீசல் மிக்சர் அது. காலையில் சமர்த்தாக ஓடும். வெயில் உச்சிக்கு ஏறியதும் இரண்டு இருமல் இருமி நின்றுவிடும். வெயில் தாழ்ந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். ஒரு வாரமாக இதே கூத்து.

கான்ட்ராக்டருக்கு மிக்சர் ஓட்டுகிறவர் மேல் சந்தேகம். போன வாரம் அந்த மிக்சர்காரரின் மனைவி ஜல்லிச் சட்டியோடு சுருண்டு விழுந்தாள். போன வருஷத்து வெயிலே தேவலை என்று சொல்லவைக்கிற வெயில். உடம்பில் நீர் வற்றி, கிட்னி வரை பாதித்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்னும் படுக்கையில்தான் இருக்கிறாள். அந்தக் கோபத்தில்தான் செய்கிறான், இன்றைக்கே அவன் சீட்டைக் கிழிக்கிறேன் என்று குதித்தார் கான்ட்ராக்டர்.

மேஸ்திரி அவருக்கும் ஒரு படி மேல்.

"உடம்பு வளையாத கூட்டம் சார். நிழலைக் கண்டா ஒட்டிக்குவாங்க" என்று கார் வரை கேட்கும்படி கத்தினார்.

இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எஞ்சினைத் தொட்டான். கை சுட்டது. டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தது. குழாயைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்திருந்தது. தானாகத் தளரவில்லை. ஸ்பேனர் பட்ட புதுக் கீறல் பளிச்சென்று தெரிந்தது.

மிக்சர்காரர் பக்கத்தில் வந்து நின்றார். உதடு வெடித்து, சட்டை முழுக்க வியர்வை காய்ந்து உப்பு பூத்திருந்தது. ஆஸ்பத்திரியில் கிடப்பவள் மெக்கானிக்கின் நினைவுக்கு வந்தாள்.

ஒரு வார்த்தை போதும். இவர் வேலை போகும், தனக்கு வருஷம் முழுக்க வேலை வரும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. காரருகே போனதும் வேறு வார்த்தைதான் வெளியே வந்தது.

"ஆளுங்க மேல தப்பில்ல சார். சூடுதான். இந்த வெயில்ல விடாம ஓட்டினா எஞ்சின் ஜாம் ஆயிடும். மத்தியானம் வெயில் தாழ்ற வரைக்கும் நிறுத்தி வைங்க. மேல தார்ப்பாய் கட்டுங்க. சுத்திக் காத்து வரணும், பெருசாவே கட்டுங்க."

கான்ட்ராக்டர் பதறிப்போனார். எஞ்சின் போனால் யார் தருவது என்று மேஸ்திரியைத் திட்டி, உடனே தார்ப்பாய் எடுத்துவரச் சொன்னார்.

"வெயில் தாழ்ற வரைக்கும் ஆளுங்க சார்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"மெஷின் ஓடலைன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? உட்காரட்டும்."

கண்ணாடி ஏறியது. எல்லா மெஷினும் உனக்கு என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. மெக்கானிக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

தார்ப்பாய்க்குக் கீழே நடுவில் மிக்சர் நின்றது. அதைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். மெக்கானிக் மிக்சர்காரரிடம் குனிந்து, "இனிமே அந்த நட்டுல கை வைக்காதீங்கண்ணே" என்றான்.

அவர் விழித்தார். "எந்த நட்டு?"

மெக்கானிக் குழப்பத்தோடு பெட்டியை மூடப் போனான். மேஸ்திரி முறைத்த முகத்தோடு பக்கத்தில் வந்தார். கார் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மடியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

"நீயே வச்சுக்க தம்பி. இனிமே எனக்கு இது தேவைப்படாது."