ஓட்டிப் பார்ப்பவர்

2024 நவம்பர் 12, செவ்வாய், காலை பத்து நாற்பது, ஆம்பூரில் தூறல். நவநீதனின் பட்டறையில், லிஃப்டில் உயர்ந்து நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரங்கள் காற்றில் சுழல்கின்றன; அடியில் ஒரு முனகல். கியர்பாக்ஸை மாற்ற ஆறு லட்சம் என்று சென்னையிலிருந்து வந்த தாள் சுஹேலின் கையில் கசங்குகிறது. அதற்கு வழியில்லையெனில் காரை விற்க வேண்டும். மனைவிக்குக்கூட அவன் ஓட்டக் கொடுக்காத கார். அந்த மனைவி உமைமா, தோல் ஆலையில் தோல் ஊறிச் சுழலும் டிரம்களைக் கவனிப்பவள், நீண்ட ஸ்குரூடிரைவரை அடியில் ஊன்றிப் பிடியில் காதை வைக்கிறாள்.

"கியர்பாக்ஸ் இல்லீங்க, பின்சக்கரத்துக்குப் போற தண்டோட நடு பேரிங். நம்ம மூணாம் நம்பர் டிரம்மும் இப்டித்தான் அழுதுச்சு."

"தோல் ஊறுற டிரம்மும் இதுவும் ஒண்ணா?" என்கிறான் சுஹேல்.

"அதுவாச்சும் சம்பாரிச்சுப் போடுது."

நவநீதனும் காது வைத்துக் கேட்கிறான். "அக்கா சொல்றதுதான் சார்."

சுஹேல் தாளின் பின்புறம் எழுதுகிறான்: 'பேரிங் மட்டும் மாற்றவும். ஓட்டிப் பார்ப்பவர்: உமைமா.' கையெழுத்திட்டு நவநீதனிடம் கொடுக்கிறான்.